இடம் மாறும் சுவர்கள்: சிறிய அறையில் தெளிவான ஒலிப்பதிவு

குளியலறையில் பாடுகிறவருக்குத் தம் குரல் எப்போதும் இனிமையாகவே கேட்கும். ஓடு பதித்த சுவர்கள் குரலைத் திரும்பத் திரும்ப வீசி, ஒரு குரலைப் பல குரல்களாக்கிக் காட்டுகின்றன. அதே பாடகர் அதே பாட்டைப் படுக்கையறையில் ஒரு மைக்கின் முன் நின்று பாடிப் பதிவு செய்கிறார். பிறகு ஹெட்போனை மாட்டிக் கேட்டால் முகம் சுருங்கிவிடுகிறது. குரல் எங்கோ தூரத்தில் நிற்கிறது. ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னாலும், தகரப் பெட்டிக்குள் பேசுவதுபோன்ற ஓர் ஓசை வால் பிடித்துக்கொண்டு வருகிறது. மைக் மட்டமானது என்று முடிவுகட்டி, அடுத்த மாதச் சம்பளத்தில் அதைவிட விலை கூடிய மைக்கை வாங்குகிறார். புதிய மைக் முன்னதைவிடக் கூர்மையானது. ஆகவே அறையின் ஓசையையும் முன்னதைவிடத் துல்லியமாகவே அது பிடித்துத் தருகிறது.

கோளாறு அறையில் இருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் எத்தனை ஆயிரம் வெள்ளியைக் கருவிகளில் கொட்டினாலும் பயன் சொற்பமே.

இந்த விவரம் இன்று யாருக்குத் தேவை என்று கேட்கலாம். யோகி பி, நட்சத்ரா குழுவினரின் ‘வல்லவன்’ இசைத்தொகுப்பு 2006-ஆம் ஆண்டில் வெளிவந்து மலேசியத் தமிழ் ராப்பைத் தமிழகம் வரை கொண்டு சென்றது. அதன் பிறகு வந்த தலைமுறையில் வீட்டிலேயே பாட்டெழுதி, வீட்டிலேயே பதிவு செய்பவர்கள் ஏராளம். கோயில் திருவிழாவுக்குப் பக்திப் பாடல் பதிவு செய்யும் குழுவினரும், வலையொலி நடத்தும் ஆசிரியர்களும் படுக்கையறையைத்தான் கூடமாக்குகிறார்கள். இவர்களைவிட அவசரமாக இது தேவைப்படுகிறவர்கள் இன்னொரு பக்கம் இருக்கிறார்கள். தோட்டப்புறத்தில் பால்மரம் சீவிய காலத்துப் பாடல்களையும் தாலாட்டையும் ஒப்பாரியையும் தம் பாட்டியின் வாயிலிருந்து பதிவு செய்துவைக்க நினைக்கும் பேரப்பிள்ளைகள்தாம் அவர்கள். பாட்டைக் கெடுத்துவிட்டால் ராப் பாடகர் மறுநாள் மீண்டும் பாடலாம். எண்பது வயதுப் பாட்டிக்கு அந்த மறுநாள் உறுதியில்லை. இரைச்சலைக் குறைக்கும் மென்பொருள்கள் இன்று எதிரொலியையும் ஓரளவு குறைக்கின்றன. ஆனால் அளவு மீறினால் எதிரொலியோடு சேர்ந்து குரலின் ஈரமும் போய்விடும்.

காது மன்னிக்கும், மைக் மன்னிக்காது

அறையில் ஒருவர் பேசும்போது, அவருடைய குரல் நேராகவும் வந்து சேர்கிறது. சுவர், கூரை, தரை, மேசை எல்லாவற்றிலும் பட்டுத் திரும்பியும் வந்து சேர்கிறது. நேரில் கேட்பவருக்கு இந்தக் குழப்பம் தெரிவதில்லை. முதலில் வந்த ஒலியோடு, அதைத் தொடர்ந்து ஆயிரத்தில் முப்பது பங்கு நொடிக்குள் வரும் எதிரொலிகளை மனித மூளை ஒன்றாகச் சேர்த்துக்கொள்கிறது. ஹெல்முட் ஹாஸ் என்ற ஜெர்மானியர் 1949-ஆம் ஆண்டில் தம் ஆய்வில் இதை விளக்கினார். தவிர, இரண்டு காதுகள் இருப்பதால் எந்த ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று பிரித்தறிந்து, வேண்டாததை ஒதுக்கவும் மூளைக்கு முடிகிறது. மைக்குக்கு ஒரே காது. மூளையும் இல்லை. வந்ததையெல்லாம் வந்த அளவிலேயே எழுதி வைத்துவிடும்.

சிமெண்டுச் சுவரும் ஓட்டுத் தரையும் கொண்ட நம் வீடுகளில் இந்தத் தொல்லை இன்னும் கூடுதல். குளிர் நாடுகளில் தரைவிரிப்பும் கனத்த திரைச்சீலையும் பஞ்சு நாற்காலியும் வீட்டோடு பிறந்தவை. நம் ஊரில் வெப்பத்துக்கும் சுத்தத்துக்கும் ஏற்றபடி தரையைக் கழுவித் துடைக்கிறோம். கழுவித் துடைக்கக்கூடிய பரப்பு எதுவோ அது ஒலியையும் திருப்பி அடிக்கும்.

இரண்டு வேலைகள், ஒரே பெயர்

‘சவுண்ட் புரூஃப்’ என்ற ஒரே சொல்லால் இரண்டு வெவ்வேறு வேலைகளைக் குறிப்பிடுவதே பெரும்பாலோர் பணத்தை இழப்பதற்குக் காரணம். அறைக்குள் பிறக்கும் ஒலி வெளியே போகாமலும் வெளியொலி உள்ளே வராமலும் தடுப்பது ஒரு வேலை. அறைக்குள் பிறந்த ஒலி சுவரில் பட்டுத் திரும்பாமல் உறிஞ்சிக்கொள்வது மற்றொரு வேலை. முன்னதற்குக் கனம் வேண்டும், இடுக்கில்லாத அடைப்பு வேண்டும். சுவரின் எடையை இரட்டிப்பாக்கினால்கூடக் கணக்குப்படி ஏறத்தாழ 6 டெசிபெல் மட்டுமே குறையும். கதவுக்கு அடியில் ஒரு விரல் அளவு சந்து இருந்தால் அதுவும் வீண். பின்னதற்குக் கனம் வேண்டாம். காற்று புகுந்து போகக்கூடிய நார்ப்பொருள் போதும்.

ஆகவே பக்கத்து வீட்டார் புகார் சொல்கிறார்கள் என்பதற்காகச் சுவர் முழுவதும் ஸ்பாஞ்சு ஒட்டுகிறவர் ஏமாந்து போவார். ஸ்பாஞ்சு காற்றைத் தடுக்காதது போலவே ஒலியையும் தடுக்காது. இந்தக் கட்டுரையில் சொல்லப்படும் எதுவும் பக்கத்து வீட்டாரின் தூக்கத்தைக் காப்பாற்றாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. மலிவு விலை அடுக்குமாடியில் தவிலையோ உறுமியையோ இரவு பத்து மணிக்கு மேல் பதிவு செய்ய எந்தப் பலகையும் உதவாது. நேரத்தை மாற்றிக்கொள்வதுதான் அதற்கு வழி.

முட்டை அட்டையும் தீயும்

சுவரில் முட்டை அட்டை ஒட்டுவது எல்லா நாட்டிலும் உள்ள பழக்கம். அதன் மேடுபள்ளத்தைப் பார்த்தால் ஸ்டூடியோ போலத் தோன்றும், அவ்வளவுதான். ஒரு மில்லிமீட்டர் அளவே உள்ள காகிதக்கூழ் அட்டை, மிக உயர்ந்த சுருதிகளைக் கொஞ்சம் சிதறடிக்கும். குரலின் உடல் இருக்கும் பகுதியை அது தொடுவதே இல்லை. ஆனால் தீப்பிடிக்கும் விஷயத்தில் மட்டும் முதல் தரமாக வேலை செய்யும்.

தீ என்பது இங்கே பேச்சுக்குச் சொல்வதன்று. 2003-ஆம் ஆண்டு பிப்ரவரி 20-ஆம் தேதி அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில், வெஸ்ட் வார்விக் என்ற ஊரில் ‘தி ஸ்டேஷன்’ எனும் இரவு விடுதி எரிந்து 100 பேர் மாண்டனர். மேடையில் கொளுத்திய வாணவேடிக்கைப் பொறி, சுவரில் ஒட்டியிருந்த பாலியுரேத்தேன் ஸ்பாஞ்சில் பற்றிச் சில நிமிடங்களில் விடுதி முழுவதும் பரவியது. அந்த ஸ்பாஞ்சு ஏன் ஒட்டப்பட்டது? அக்கம்பக்கத்தார் கொடுத்த இரைச்சல் புகாரைத் தணிப்பதற்காக. செய்ய முடியாத வேலைக்கு ஒட்டப்பட்ட பொருள் உயிர்களைக் குடித்தது. பத்தாண்டு கழித்து, 2013 ஜனவரி 27 அன்று பிரேசில் நாட்டின் சான்டா மரியா நகரில் ‘கிஸ்’ விடுதியில் இதே கதை திரும்ப நடந்தது. கூரையில் இருந்த ஸ்பாஞ்சு எரிந்து சயனைடு நச்சுப்புகை பரவ, 242 பேர் இறந்தனர்.

வீட்டறையில் வாணவேடிக்கை இல்லை. ஆனால் சாமி விளக்கும் ஊதுவத்தியும் கொசுவத்திச் சுருளும் இருக்கின்றன. ஒரே பிளக்கில் நான்கைந்து கருவிகளைச் செருகும் வழக்கமும் இருக்கிறது. மெத்தைக் கடையில் கிடைக்கும் சாதாரண ஸ்பாஞ்சைச் சுவரிலும் கூரையிலும் ஒட்டக்கூடாது என்பதற்கு இதுவே போதுமான காரணம். ஸ்டூடியோவுக்கென்று விற்கப்படும் ஸ்பாஞ்சிலும் தீத்தடுப்புச் சான்று இருக்கிறதா என்று கேட்டு வாங்க வேண்டும்.

இரவில் நடந்த மெத்தைகள்

எடுத்து நகர்த்தக்கூடிய பொருளால் அறையின் ஒலியைச் சீர்படுத்துவது ஏதோ ஏழைகளின் மாற்றுவழி என்று எண்ண வேண்டாம். அறை ஒலியியல் என்ற விஞ்ஞானமே அப்படித்தான் பிறந்தது.

1895-ஆம் ஆண்டில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் ஃபாக் கலைக்கூடத்தில் புதிதாகக் கட்டிய விரிவுரை மண்டபத்தில், பேசுகிறவர் சொல்வது ஒருவருக்கும் புரியவில்லை. ஒரு சொல் அடங்குவதற்குள் அடுத்த சொற்கள் வந்து மோதின. ஓர் ஒலி கேட்காமல் மறைய ஏறத்தாழ ஐந்தரை நொடி ஆனது. அதைச் சரிசெய்யும் பொறுப்பு வாலஸ் கிளெமென்ட் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் வந்தது. அவரிடம் இருந்த கருவிகள் ஓர் ஆர்கன் குழல், ஒரு கடிகாரம், அவருடைய காது ஆகியவைதாம். பக்கத்திலிருந்த சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் தூக்கிவந்து மண்டபத்தில் அடுக்குவார். குழலை ஊதி நிறுத்தி, ஒலி மறைய எத்தனை நொடி ஆகிறது என்று அளப்பார். இன்னும் சில மெத்தைகளைச் சேர்த்து மீண்டும் அளப்பார். விடிவதற்குள் மெத்தைகள் தத்தம் இருக்கைக்குத் திரும்பிவிட வேண்டும். இப்படி எத்தனையோ இரவுகள் கழிந்தன. மெத்தை கூடக்கூட முழக்க நேரம் எந்த விகிதத்தில் குறைகிறது என்பதை அவர் கண்டுபிடித்தார். அந்தக் கணக்கைக் கொண்டு கட்டப்பட்டதுதான் 1900-இல் திறக்கப்பட்ட பாஸ்டன் சிம்ஃபனி மண்டபம். உலகின் மிகச் சிறந்த இசை மண்டபங்களில் ஒன்றாக அது இன்றும் மதிக்கப்படுகிறது.

சபைனின் கணக்கு எளிது. அறையின் கன அளவைக் கன மீட்டரில் எடுத்து 0.161-ஆல் பெருக்கி, அறையிலுள்ள உறிஞ்சும் பரப்பின் சதுர மீட்டரால் வகுத்தால், முழக்க நேரம் நொடியில் கிடைக்கும். 3 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 2.6 மீட்டர் உயரம் உள்ள படுக்கையறையை எடுத்துக்கொள்ளலாம். கன அளவு 23.4. பூசிய சுவரும் ஓட்டுத் தரையும் தம்மேல் படும் ஒலியில் நூற்றில் மூன்று பங்கை உறிஞ்சும் என்று வைத்துக்கொண்டால், வெறும் அறையின் உறிஞ்சும் பரப்பு ஒன்றரைச் சதுர மீட்டர்தான். முழக்க நேரம் இரண்டரை நொடி. கட்டில் மெத்தை, திரைச்சீலை, துணி அலமாரி, ஆள் எல்லாம் சேர்ந்து பரப்பு 6 ஆனால் நேரம் 0.63 நொடியாகக் குறையும். குரல் பதிவுக்கு 0.3 நொடி என்பது நல்ல இலக்கு. அதற்குப் பன்னிரண்டரைச் சதுர மீட்டர் வேண்டும், அதாவது இன்னும் ஆறரை.

இரண்டடிக்கு நான்கடி அளவில் ஆறு பலகைகளைச் செய்து சுவரில் ஒட்டாமல் நிறுத்தினால், இருபுறமும் சேர்த்து 8.6 சதுர மீட்டர் பரப்பு கிடைக்கிறது. முக்கால் பங்கு மட்டும் வேலை செய்வதாகக் கொண்டாலும் கணக்கு நேராகிவிடும். சிறிய அறையில் சபைனின் கணக்கு முற்றிலும் பொருந்தாது என்பது உண்மைதான். ஆயினும் ஆறு பலகை போதுமா, அறுபது பலகை வேண்டுமா என்ற கேள்விக்கு அது விடை சொல்லிவிடுகிறது.

கனமும் இடைவெளியும்

நார்ப்பொருள் எப்படி ஒலியை உறிஞ்சுகிறது? ஒலி என்பது காற்றின் அசைவு. நார்களுக்கு இடையே காற்று அசையும்போது உராய்வினால் அந்த அசைவு வெப்பமாகிக் கரைகிறது. காற்று அசையாத இடத்தில் நாரை வைத்தால் அதற்கு வேலை இல்லை. சுவரை ஒட்டிய இடத்தில் காற்று முன்பின் அசைய வழியில்லை. சுவரிலிருந்து அலைநீளத்தில் கால் பங்கு தள்ளிய இடத்தில்தான் அசைவு உச்சத்தில் இருக்கும். நம் வெப்பநிலையில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 349 மீட்டர் ஓடுகிறது. 1000 ஹெர்ட்ஸ் ஒலிக்குக் கால் அலைநீளம் சுமார் 9 சென்டிமீட்டர். ஆண் குரலின் அடித்தளமான 125 ஹெர்ட்ஸுக்கோ 70 சென்டிமீட்டர்.

சுவரில் ஒட்டிய ஓர் அங்குல ஸ்பாஞ்சு ஏன் குரலைக் கெடுக்கிறது என்பது இப்போது விளங்கும். ‘ச’, ‘ஸ’ போன்ற கூர்மையான ஓசைகளை அது விழுங்கிவிடுகிறது. கனத்த ஓசைகளைத் தொடாமல் விட்டுவிடுகிறது. விளைவு, போர்வைக்குள் பேசுவதுபோன்ற மங்கிய குரல். கனத்தின் மதிப்பை அறிய ஓர் எடுத்துக்காட்டு போதும். ஓவன்ஸ் கார்னிங் நிறுவனத்தின் 703 என்ற கண்ணாடி இழைப் பலகைக்கு வெளியிடப்பட்ட அளவுகளின்படி, 125 ஹெர்ட்ஸில் இரண்டு அங்குலக் கனம் உறிஞ்சுவது 0.17 பங்கு, நான்கு அங்குலக் கனம் உறிஞ்சுவது 0.84 பங்கு. கனம் இரட்டிப்பானால் பலன் ஐந்து மடங்கு. எனவே எட்டு மெல்லிய பலகைகளைவிட நான்கு கனத்த பலகைகள் மேல்.

சுவரிலிருந்து தள்ளி நிற்கும் பலகைக்குப் பின்னால் தானாகவே காற்றிடைவெளி கிடைக்கிறது. ஒட்டிய பலகைக்கு அந்த நன்மை இல்லை. வாடகை வீட்டுச் சுவரில் ஆணி அடித்து வைப்புத்தொகையை இழக்க வேண்டாம் என்பது மட்டும் நகரும் பலகையின் சிறப்பன்று, அது ஒலிக்கும் நல்லது.

செய்முறை

ஒலிப்பதிவுக்காரர்கள் இத்தகைய நகரும் பலகையைக் ‘கோபோ’ என்பார்கள். கட்டடப் பொருள் விற்கும் கடைகளில் ராக்வூல் எனும் பாறை நார்ப் பாளம், நான்கடி நீளம், இரண்டடி அகலம், இரண்டு அங்குலக் கனத்தில் கிடைக்கும். அலுவலகத் தடுப்புச் சுவர்களுக்குள் வைப்பது இதைத்தான். கன மீட்டருக்கு 40 முதல் 60 கிலோ அடர்த்தி உள்ளதைக் கேட்டு வாங்கலாம். இரண்டு பாளங்களைச் சேர்த்தால் நான்கு அங்குலம். 60 கிலோ அடர்த்தியில்கூட இரண்டும் சேர்ந்து நான்கரைக் கிலோவுக்குள்தான் வரும். நான்கு அங்குல அகலப் பலகைகளை ஆணியடித்து ஒரு சட்டம் செய்து, அதற்குள் பாளங்களை வைத்து, இருபுறமும் துணியை இழுத்து ஸ்டேப்ளர் அடித்தால் வேலை முடிந்தது. பின்பக்கத்தைப் பிளைவுட் வைத்து மூடினால் ஒரு பக்கம் ஒலியைத் திருப்பும், மறுபக்கம் உறிஞ்சும். எல்லாவற்றுக்கும் அப்படிச் செய்யாமல் ஒன்றிரண்டுக்கு மட்டும் செய்து வைத்தால் பிறகு பயன்படும்.

துணி விஷயத்தில் பலர் தவறிவிடுகிறார்கள். வாயருகே வைத்து ஊதிப் பார்த்தால் காற்று தாராளமாக மறுபுறம் போக வேண்டும். போகாத துணி ஒலியையும் உள்ளே விடாது. ரெக்சின், பிளாஸ்டிக் பூச்சுள்ள துணி, அடர்ந்த ஜரிகைப் பட்டு எதுவும் ஆகாது. அம்மாவின் பழைய பருத்திப் புடவை மிகப் பொருத்தம். பருத்தியும் எரியக்கூடியதே, ஆகவே விளக்குக்கும் ஊதுவத்திக்கும் எட்டாத தூரத்தில் பலகை நிற்க வேண்டும். உள்ளே இருக்கும் ராக்வூல் எரியாது.

ராக்வூலைக் கையாளும்போது கையுறை, முகக்கவசம், முழுக்கைச் சட்டை கட்டாயம். நார் தோலில் குத்தி அரிக்கும். அது புற்றுநோய் தருமா என்ற அச்சமும் உண்டு. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2002-இல் வெளியிட்ட மறுஆய்வில், கட்டடங்களுக்குப் பயன்படும் சாதாரணப் பாறை நாரை ‘புற்றுநோய் உண்டாக்குவதாக வகைப்படுத்த இயலாதது’ என்ற பிரிவுக்கு மாற்றியது. அப்படியிருந்தும் நார் அறைக்குள் உதிராதபடி, வெளித்துணிக்கு உள்ளே ஒரு மெல்லிய துணியையும் சுற்றிவிடுவதே முறை. ஆஸ்துமா உள்ளவர் வீட்டில் இருந்தால் ராக்வூலை விட்டுவிட்டுப் பாலியெஸ்டர் நார்ப் பலகைக்குப் போகலாம். அது சற்று விலை கூடும், ஆனால் அரிப்பு இல்லை.

பலகை நிற்பதற்குக் கால் வேண்டும். அடியில் ஒன்றரை அடி நீளக் கட்டையைக் குறுக்கே வைத்தால் சாயாது. சின்னப் பிள்ளைகள் ஓடும் வீட்டில் இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது. இரண்டு பலகைகளைக் கீல் போட்டு இணைத்தால், திறந்த புத்தகம்போல் கால் இல்லாமலே நிற்கும். மடித்தால் ஒன்றாகிவிடும். சக்கரம் வைப்பவர்கள் பூட்டுள்ள சக்கரமாக வைக்கட்டும்.

மழைநாட்டில் இன்னொரு கவலை பூஞ்சணம். வெளிச்சுவரை ஒட்டி மாதக்கணக்கில் சாத்தி வைத்த எந்த நார்ப்பொருளும் பின்புறம் கறுக்கும். பலகை நகர்கிறது என்பதால் மாதம் ஒருமுறை வெயிலில் வைத்து எடுக்க முடிகிறது. சுவரில் ஒட்டியதை எப்படிக் காயவைப்பது?

ஒரு காசும் செலவழிக்க முடியாதவருக்கும் வழி இருக்கிறது. துணி மாட்டும் ஸ்டாண்டு இரண்டைக் கொண்டுவந்து, ஒவ்வொன்றிலும் கனத்த போர்வையை இரட்டையாக மடித்து, இரண்டு மடிப்புக்கும் இடையே ஒரு சாண் இடைவெளி விட்டுத் தொங்கவிட வேண்டும். வீட்டில் தோத்தோ மெத்தை இருந்தால் அதை நிறுத்தி வைத்தால் போர்வையைவிட நன்றாக வேலை செய்யும். உடுப்புகள் நிறைந்த அலமாரியின் கதவைத் திறந்து வைப்பதும் ஒரு பலகைக்குச் சமம். கனத்த ஓசையை இவை அதிகம் குறைக்கா. பேச்சுக்கும் பெண் குரலுக்கும் போதும்.

எங்கே நிறுத்துவது?

வாங்கிய பொருளைவிட நிறுத்தும் இடம் முக்கியம். பெரும்பாலோர் மைக்குக்குப் பின்னால் பலகையை வைக்கிறார்கள். மைக்கின் முதுகில் மாட்டும் அரைவட்டக் கேடயங்கள் கடையில் விற்பதும் இந்த எண்ணத்தில்தான். வீட்டில் பயன்படும் குரல் மைக்குகள் பெரும்பாலும் முன்பக்க ஒலியை அதிகமாகவும் பின்பக்க ஒலியைக் குறைவாகவும் எடுக்கும் வகையைச் சேர்ந்தவை. அப்படியானால் மைக் எதைப் பார்க்கிறது? பாடகரையும், பாடகரின் முதுகுக்குப் பின்னால் இருக்கும் சுவரையும். அந்தச் சுவரில் பட்டுத் திரும்பும் குரல்தான் நேராக மைக்கின் வாய்க்குள் விழுகிறது. எனவே முதல் பலகை பாடகரின் முதுகுக்குப் பின்னால் நிற்க வேண்டும். அடுத்த இரண்டும் அவருடைய தோள்களுக்கு இருபுறமும், சற்று விரிந்தபடி. மைக்கின் பின்னால் வைப்பது நான்காவதாக.

தலைக்கு மேல் உள்ள கூரையை எல்லாரும் மறந்துவிடுவார்கள். எட்டடி உயரத்தில் சிமெண்டுக் கூரை என்றால் அதுவே பெரிய கண்ணாடி. இரண்டு பக்கப் பலகைகளின் மேல் ஒரு போர்வையைக் கூடாரம்போல் போடலாம். பாட்டிக்கு மூச்சு முட்டாத அளவுக்கு.

அறையின் நட்டநடுவிலும், மூலைக்குள்ளும் பாடகரை நிறுத்தாதிருப்பது நல்லது. இரண்டு இடத்திலும் அறையின் சொந்த அதிர்வுகள் குரலோடு விளையாடும். ‘சின்ன இடம்தானே நல்லது’ என்று பண்டக அறைக்குள் நுழைகிறவர்களுக்கும் இதையே சொல்ல வேண்டும். சிங்கப்பூரில் 1997-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் கட்டப்பட்ட அடுக்குமாடி வீடுகளில் கனத்த கான்கிரீட் சுவருள்ள பாதுகாப்பறை உண்டு. வெளிச்சத்தம் நுழையாது என்று அதைப் பதிவறை ஆக்க இளைஞர்கள் ஆசைப்படுகிறார்கள். ஒன்றரை மீட்டர் இடைவெளியில் எதிரெதிரே நிற்கும் இரண்டு கான்கிரீட் சுவர்கள் 116 ஹெர்ட்ஸில் முழங்கும். அது ஆண் குரலின் நடுமையம். அந்தச் சுவரை உடைக்கவோ ஓடு பதிக்கவோ அனுமதியும் இல்லை. நான்கு அங்குலப் பலகைகளை உள்ளே வைத்தால் ஆள் நிற்க இடம் இருக்காது. துணிகள் தொங்கும் படுக்கையறையே அதைவிட மேல்.

பதிவு தொடங்குமுன் மின்விசிறியையும் ஏர்கோனையும் நிறுத்த வேண்டியிருக்கும். மடிக்கணினியைப் பலகைக்கு வெளியே வைத்துவிட்டால் அதன் விசிறிச் சத்தமும் குறையும். மழை வந்தால் பதிவை ஒத்திவைப்பதைத் தவிர வேறு வழியில்லை. தகரக் கூரையை எந்தக் கோபோவும் வெல்லாது.

வாத்தியங்களுக்கு வேறு கணக்கு

குரலுக்குச் செய்த ஏற்பாட்டை அப்படியே வைத்து ஆர்மோனியத்தையும் புல்லாங்குழலையும் வயலினையும் பதிவு செய்தால் உயிரற்றுக் கேட்கும். இந்த வாத்தியங்களின் ஒலி எல்லாத் திசையிலும் பரவி, அறையில் பட்டுக் கலந்த பிறகே முழுமை அடைகிறது. பலகைகளில் பாதியை வெளியே எடுத்துவிட்டு, பிளைவுட் முதுகுள்ள ஒன்றிரண்டைத் திருப்பி மரப்பக்கம் வாத்தியத்தைப் பார்க்கும்படி வைத்தால் ஒலி பூரிக்கும். மிருதங்கத்துக்கு இரண்டும் வேண்டும். தொப்பிப் பக்கம் கனத்த பலகை, வலந்தலைப் பக்கம் திறந்த இடம். ஒரே அறையில் காலையில் பாட்டும் மாலையில் மிருதங்கமும் பதிவு செய்கிறவருக்கு, சுவரில் நிரந்தரமாக ஒட்டியதால் கிடைக்காத சுதந்திரம் இது. இதற்கென்று ஒரு சூத்திரம் கிடையாது. வாசிப்பவரும் பதிவு செய்பவரும் சேர்ந்து பலகையைத் திருப்பித் திருப்பிக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

பதிவு முடிந்து கலவை செய்யும் நேரத்தில் அதே பலகைகள் வேறு இடத்துக்குப் போகின்றன. கேட்பவர் தம் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, மற்றொருவர் பக்கச் சுவரை ஒட்டி ஒரு முகக்கண்ணாடியை மெல்ல நகர்த்தட்டும். எந்த இடத்தில் ஸ்பீக்கர் கண்ணாடியில் தெரிகிறதோ அங்கே ஒரு பலகை. வலம் ஒன்று, இடம் ஒன்று. எஞ்சியவை ஸ்பீக்கருக்குப் பின்னால் உள்ள மூலைகளில், மூலையைக் குறுக்கே அடைத்தபடி. கனத்த ஓசை தேங்குவது மூலைகளில்தான்.

எல்லாம் சரியாக இருக்கிறதா என்று அறிய விலை உயர்ந்த அளவுக்கருவி தேவையில்லை. பாடகர் நிற்கும் இடத்தில் நின்று ஒருமுறை பலமாகக் கைதட்டினால், சரியில்லாத அறையில் ‘ட்ரிங்’ என்று ஒரு படபடப்பு தொடரும். இரண்டு வெற்றுச் சுவர்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கின்றன என்பதற்கு அது அடையாளம். பிறகு செய்தித்தாளின் ஒரு பத்தியை மைக்கிலிருந்து ஒரு சாண் தூரத்தில் ஒருமுறையும், ஒரு முழத் தூரத்தில் ஒருமுறையும் படித்துப் பதிவு செய்ய வேண்டும். முழத் தூரத்துப் பதிவிலும் சொற்கள் பிசிறில்லாமல் கேட்டால் பலகைகள் தம் இடத்தில் நிற்கின்றன என்று பொருள். இல்லையென்றால் முதுகுப் பக்கத்துப் பலகையை முதலில் நகர்த்திப் பார்க்கலாம்.

தீபாவளிக்கு விருந்தினர் வரும் நாளில் ஆறு பலகைகளும் எங்கே போகும் என்பது வீட்டுப் பெண்களின் நியாயமான கேள்வி. நான்கு அங்குலக் கனம் கட்டிலுக்கு அடியில் நுழையும். இரண்டு பலகைகள் கட்டிலின் தலைமாட்டில் நின்றால் சாய்மானம்போல் இருக்கும். புடவைத் துணி நல்லதாக அமைந்துவிட்டால் இரண்டைக் கூடத்திலேயே நிறுத்தி வைக்கலாம். அதைப் பார்க்க வருகிறவர்கள் தடுப்பு என்றே நினைத்துக்கொள்வார்கள்.